‘பிளாண்ட் டயட்’ என்றால் உப்பில்லாச் சோறு அல்ல

வயிற்றுப்புண், கடும் வயிற்றுப்போக்கு, குடல் அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் இருந்தவர்கள் வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிளாண்ட் டயட்’ என்று எழுதியிருக்கும். டயட்டீஷியனான என்னிடம் வருபவர்களில் பலர் அதை உப்பில்லாப் பத்தியம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆங்கிலத்தில் ஒரு குழம்பை ‘பிளாண்ட்’ என்றால் சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்வதாகத்தான் பொருள். ஆனால் அந்தச் சொல்லின் வேரான லத்தீன் ‘பிளாண்டுஸ்’, மென்மையான, இதமான என்ற பொருளுடையது. மருத்துவர் எழுதுவது இந்தப் பொருளில். வயிற்றை உறுத்தாத உணவு வேண்டும், அவ்வளவுதான். உப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

குழைய வடித்த சோறு, இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்புக் கிச்சடி, சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய்க் கூட்டு, வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். வழக்கமான அளவில் உப்பு போடலாம். சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்த்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. மிளகாய்க் காரம், அதிகப் புளி, எண்ணெயில் பொரித்தது, காபி, மது ஆகியவற்றைத்தான் சில நாள் தள்ளி வைக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை முதியவர்களைப் பற்றி. உப்பில்லாத கஞ்சியை அவர்களால் இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியாது. சாப்பாடு குறையும், உடம்பு இளைக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் ரத்தத்தில் சோடியமும் இறங்கிவிடலாம். அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனாலே குறைவுதான். மிகவும் இறங்கினால் சோர்வு, தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு, சிலருக்கு வலிப்புகூட வரும். வீட்டில் இருப்பவர்கள் ‘வயசாகிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சரி, உப்பைக் குறைக்க வேண்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள். அவர்களுக்கு மருத்துவர் அதைத் தனியாகச் சொல்லுவார். சாதாரண மஞ்சள் காமாலைக்கு உப்பை அறவே ஒதுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, காரம் தின்றுதான் அல்சர் வந்தது என்ற நம்பிக்கை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் மருந்தை விட்டுவிட்டுப் பத்தியம் மட்டும் இருந்தால் புண் ஆறாது. ஒரு காலத்தில் மணிக்கொரு தரம் பால் கொடுத்து அல்சருக்கு வைத்தியம் செய்தார்கள். பால் முதலில் இதமாக இருக்கும், அப்புறம் அமிலச் சுரப்பைத் தூண்டும். அதனால் நான் பாலையே நம்பியிருக்கச் சொல்வதில்லை.

சீட்டில் ‘பிளாண்ட்’ என்று இருந்தால் எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது கொஞ்ச நாள் ஏற்பாடுதான். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.