உரமும் இல்லை, ஊநீரும் இல்லை: ‘பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முழங்கால் வலிக்காகப் பல மாதமாக மருத்துவரிடம் போய்வரும் என் சித்தி ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் வீட்டில் யாருக்கு எந்தத் தாள் புரியாவிட்டாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து சேரும். தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது: ‘தட்டணு வளமிக்க ஊநீர் ஊசி’. ஆங்கிலத்தில் ‘பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா’ என்பதன் தமிழாக்கம் அது. சித்தி கேட்டார்: “ஏம்ப்பா, முட்டிக்கு உரம் போடப் போறாங்களா?”

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. ‘வளமிக்க’ என்றால் தமிழ் படித்த யாருக்கும் மண்தான் நினைவுக்கு வரும். பிழை எழுதியவருடையது. இதே தொடரை இதற்கு முன்பும் நாலைந்து இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஒரு காணொளியின் அடியில் ‘பிளேட்லெட் பணக்கார பிளாஸ்மா’ என்றுகூட ஓடியது. அதையாவது இயந்திரத்தின் தலையில் கட்டிவிடலாம். ‘வளமிக்க ஊநீர்’ ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதியது.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரத்தம் உறைய உதவும் நுண்துணுக்குகளின் பெயரான பிளேட்லெட் என்பது ‘பிளேட்’ என்ற தட்டுக்குப் பின்னால் ‘லெட்’ என்ற சிறுமை விகுதி ஒட்டியது. புக்லெட், லீஃப்லெட் எல்லாம் இதே அச்சில் வந்தவை. இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிஸ்ஸோஸெரோ 1880களின் தொடக்கத்தில் இவற்றுக்குப் ‘பியாஸ்திரினே’, அதாவது சிறு தகடுகள், என்று பெயர் வைத்தார். ஜெர்மன் சொல்லும் ரத்தச் சிறுதட்டு என்றே பொருள்படும். பிளாஸ்மா கிரேக்கச் சொல், வார்த்து உருவாக்கியது என்று பொருள். பிளாஸ்டிக் இதற்கு உடன்பிறப்பு. 1928இல் இர்விங் லாங்முயர் மின்னூட்டம் பெற்ற வாயுவுக்கும் இதே பெயரைச் சூட்டிவிட்டதால் இயற்பியலிலும் ஒரு பிளாஸ்மா உண்டு. ரிச் என்பதற்கு அகராதி எடுக்க வேண்டாம். வம்பே அதில்தான் தொடங்குகிறது.

வம்புக்குள் போகுமுன் பொருளைக் கண்ணால் பார்த்துவிடுவோம். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமலிருக்கச் சிட்ரேட் கலந்த குழாயில் அது இறங்குகிறது. குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சில நிமிடங்கள் சுற்றுகிறார்கள். வெளியே எடுத்தால் ஒரே சிவப்பாக இருந்தது மூன்றாகப் பிரிந்து நிற்கும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே நகக்கணு அளவுகூட இல்லாத வெளிறிய ஒரு கோடு. வெள்ளையணுக்களும் பிளேட்லெட்களும் அந்தக் கோட்டிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் கூடியிருக்கும். தேவையான பகுதியை மட்டும் உறிஞ்சி, சிலர் இன்னொரு முறை சுற்றி, கடைசியில் கிடைக்கும் சில மில்லிலிட்டரை மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும். இதில் அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு என்பது வழக்கமான கணக்கு. தயாரிக்கும் முறைக்கு ஏற்பக் கூடும், குறையும்.

ஆக, இங்கே எதையும் ஊட்டவில்லை, சேர்க்கவில்லை. வேண்டாததை விலக்கியதால் எண்ணிக்கை நெருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ‘ரிச்’ சொல்வது இந்த நெருக்கத்தை மட்டுமே.

‘வளமிக்க’ என்று எழுதிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. “கனிம வளமிக்க நாடு என்கிறோமே, அது மட்டும் சரியா?” என்றார். சரிதான். கனிமம் நாட்டுக்குச் சொத்து; தோண்டி எடுத்து விற்கலாம். பிளேட்லெட் பிளாஸ்மாவுக்குச் சொத்தா? உடம்புக்குள் ஒன்று மிகுந்திருப்பதெல்லாம் வளமா? அப்படியானால் நீரிழிவுக்காரருக்குச் ‘சர்க்கரை வளமிக்க ரத்தம்’ என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வேறு வழியாக வந்தார்: பிளேட்லெட்டுக்குள் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, அவை திசுவைத் தேற்றும் என்றுதானே ஊசியே போடுகிறார்கள், அப்படியானால் வளம் என்பது பொருத்தம்தானே?

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மூலப்பெயர் ஊசியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. நண்பரின் தமிழ் ஊசி என்ன செய்யும் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற யாரிடமும் போதிய சான்று இல்லை. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் அது எளிதில் ஆறாது. வளர்ச்சிக் காரணிகளை ஊசி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறுமா என்பது நியாயமான கேள்விதான். 1998இல் ராபர்ட் மார்க்ஸ் தாடை எலும்பு ஒட்டுகளில் இதைப் பயன்படுத்தி எழுதிய பிறகு இந்தச் சிகிச்சைக்குப் பெரிய கவனம் கிடைத்தது. பிறகு தசைநாண், முழங்கால் என்று பரவியது. ஆனால் 2021இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். முழங்கால் தேய்வு உள்ள 288 பேரில் ஒரு சாராருக்கு இந்த ஊசி, மறுசாராருக்கு வெறும் உப்புக்கரைசல், வாரம் ஒன்றாக மூன்று தடவை. ஓராண்டு கழித்துப் பத்துப் புள்ளி அளவுகோலில் வலி முதல் சாராருக்கு 2.1 புள்ளி குறைந்திருந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. உள்பக்கக் குருத்தெலும்பின் கனஅளவோ இரு சாராருக்கும் சற்றுக் குறைந்தே இருந்தது: 1.4 விழுக்காடு, 1.2 விழுக்காடு. வலி குறைவதாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் வேறு பல இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் அமெரிக்க வாதவியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் முழங்காலுக்கு இதை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. ஆளுக்கொரு விதமாகத் தயாரிக்கிறார்கள், எதை ஊசியில் ஏற்றுகிறோம் என்பதே தெளிவாக இல்லை என்பது அதன் குறை. நிலைமை இப்படி இருக்க, மொழிபெயர்ப்பாளர் சும்மா இருக்காமல் ‘வளம்’ என்று உரமூட்டையைத் தூக்கிவந்து போட்டால் என்ன செய்வது?

‘நிறைந்த’ என்று எழுதுபவர்கள் இவரைவிடத் தேவலை. ஆனாலும் நிறைந்த என்றால் நிரம்பிய. ரத்தத்தின் கனஅளவில் பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் சேர்ந்தே ஒரு விழுக்காடு தேறாது. நாலைந்து மடங்காக்கினாலும் எங்கே நிறைவது? தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: செறிதல். மரம் செறிந்த காடு, மக்கள் செறிந்த நகரம் என்கிறோம். வேதியியலில் கரைசலின் ‘செறிவு’ என்று பள்ளிப் பிள்ளைகள்கூட எழுதுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்கள். ‘செறிவூட்டிய’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் ஊட்டுதல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேண்டாம்.

சரி, ஊநீருக்கு வருவோம். ‘வளமிக்க’ மிகை என்றால் இது நேரடிப் பிழை. ஊ என்பது ஓரெழுத்து ஒருமொழி, இறைச்சி என்று பொருள். ஊநீர் என்றால் ஊனிலிருந்து கசியும் நீர். அழகான சொல், சீரத்துக்கு அது நிலைத்தும்விட்டது. தகராறு அதுதான், சீரம் வேறு, பிளாஸ்மா வேறு. சிட்ரேட் இல்லாத குழாயில் ரத்தத்தை அரைமணி நேரம் விட்டால் கட்டி உறைந்துவிடும். அந்தக் கட்டியை விலக்கினால் எஞ்சும் தெளிந்த நீர்தான் சீரம். அந்த லத்தீன் சொல்லுக்கே பால் திரிந்தபின் பிரியும் தெளிநீர் என்றுதான் பொருள். உறைவதற்கு முன்னிற்பவை பிளேட்லெட்கள், உறைந்த கட்டிக்குள் சிக்கிக்கொள்வதும் அவைதாம். அப்படியிருக்க, ‘தட்டணு செறிந்த ஊநீர்’ என்பது ‘பயணிகள் நிறைந்த காலிப் பேருந்து’ மாதிரி. குழாயை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

இது வெறும் சொற்சண்டை என்று நினைத்தால் இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்மனியில் உருவான வேறொரு முறையில், எடுத்த ரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு பல மணிநேரம் உடல் வெப்பத்தில் வைத்திருந்து, சீரத்தைப் பிரித்து அதே முழங்காலில் ஊசியாகப் போடுகிறார்கள். அது உண்மையான ஊநீர் ஊசி. இதற்கும் ஊநீர், அதற்கும் ஊநீர் என்றால் நோயாளி எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? ‘நிணநீர்’ என்று எழுதும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அது லிம்ஃபுக்கான சொல், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தட்டணுவுடன் எனக்கு இவ்வளவு பகை இல்லை. செய்தித்தாள்கள் அதைப் பரப்பிவிட்டன, படிப்பவருக்கும் புரிகிறது. ஆனால் பிளேட்லெட் முழு உயிரணு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பேரணுவிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. ஓர் அணுவிலிருந்து ஆயிரக்கணக்கில் உதிரும், பத்து நாளுக்குள் ஆயுள் முடிந்துவிடும். அதற்கு அணுப் பட்டம் கொஞ்சம் அதிகம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இரத்தத் தட்டுகள்’ என்கின்றன. இலங்கையில் ‘குருதிச் சிறுதட்டு’ என்கிறார்கள். பிஸ்ஸோஸெரோ நினைத்தது அப்படியே இருப்பது இலங்கைச் சொல்லில்தான். என் ஓட்டு அதற்கே.

நோயின் பெயரிலும் இதே கூத்து. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்பதில் எலும்பும் மூட்டும் அழற்சியும் இருக்கின்றன. மக்கள் வாயில் அது ‘மூட்டுத் தேய்மானம்’. வெறுமனே தேய்வது மட்டும் நோயாகாது, மூட்டு முழுவதுமே பாதிக்கப்படுகிறது என்று மருத்துவர்கள் இப்போது சொன்னாலும், மூட்டுத்தேய்வு என்பது பேசப் புழங்க நல்ல சொல்தான். ‘எலும்புத் தேய்மானம்’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் எலும்புப்புரைக்கும் அதையே எழுதுகிறார்கள். ஒன்றில் மூட்டின் குருத்தெலும்பு போகிறது, மற்றதில் எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறிகிறது. இரண்டுக்கும் மருந்தே வேறு. கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் முட்டிவலி ஏன் குறையவில்லை என்று என் சித்தியே வருடக்கணக்கில் குழம்பியிருந்தார்.

ஆகவே என் பரிந்துரை: சிறுதட்டு செறிந்த குருதிநீர்மம். குருதி வேண்டாம், ரத்தம் போதும் என்பவர் ரத்தநீர்மம் என்று எழுதட்டும். அதுவும் நாவில் ஒட்டவில்லை என்றால் ‘சிறுதட்டு செறிந்த பிளாஸ்மா’ என்றாலும் எனக்குச் சம்மதமே. தெரியாமல் போட்ட தனித்தமிழைவிடத் தெரிந்து போட்ட கடன்சொல் எவ்வளவோ மேல் என்று தனித்தமிழ் நண்பர்களிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஒரு குறிப்பு: ‘சிறுதட்டுச் செறிந்த’ என்று ச் போடாதீர்கள். செறிந்தவை சிறுதட்டுகளே, அது எழுவாய். அங்கே வல்லினம் மிகாது.

சித்தியின் துண்டறிக்கையில் தலைப்பை அடித்துவிட்டு, கீழே பேனாவால் இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘உங்கள் ரத்தத்திலிருந்தே சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்து முழங்காலில் போடும் ஊசி’. அவர் படித்துப் பார்த்துவிட்டு, “ஓ, என் ரத்தம்தானா? அதுக்கா இவ்வளவு பெரிய பேரு?” என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குணம் தெரியுமா தெரியாதா என்பதை மருத்துவரிடமே கேட்கப் போவதாகச் சொன்னார்.