கத்தி மடங்கும் இடம்

பெல்ட்டில் கூடுதலாக ஓர் ஓட்டை வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது ஒரு பேனாக்கத்தி. பெல்ட்டை மேசைமேல் விரித்து, கத்தி முனையை ஊன்றி அழுத்தித் திருகினேன். தோல் அசைந்துகொடுக்கவில்லை, கத்திதான் அசைந்துகொடுத்தது. அலகு சட்டென்று மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். மடக்குக்கத்தி என்பது ஏற்கெனவே நடுவில் ஒடிந்த கத்தி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒடிந்த இடத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தையல் பிரித்த பிறகு மடக்குக்கத்திகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விஷயம் வெளியே தெரிந்ததும், "தற்காப்புக்கு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?" என்று கேட்கிறவர்கள் வந்தார்கள். இரவு வேலை முடிந்து தனியாக வண்டியில் திரும்பும் தம்பிகள், மலையேற்றத்துக்குப் போகிறவர்கள். எல்லோரும் காட்டும் படத்தில் அலகுதான் பெரிதாக இருக்கும்: எத்தனை அங்குலம், கறுப்பு நிறமா, முனை எப்படி வளைந்திருக்கிறது. அலகும் பிடியும் சேரும் அந்த ஒரு சென்டிமீட்டரை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. ஆனால் கத்தியின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது.

எலுமிச்சம்பழத்தை நறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூர் கீழே அழுத்துகிறது, பழம் மேலே தள்ளுகிறது. அந்த எதிர்விசை அலகை இன்னும் பின்னுக்கு விரிக்கப் பார்க்கும். அதற்குமேல் விரியாதபடி பிடிக்குள் ஒரு தடுப்பு நிற்கிறது. அதாவது, நறுக்குவதற்குப் பூட்டே தேவையில்லை. பழத்தை வெட்டும் கத்தி எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் மடங்காது.

சிக்கல் வருவதெல்லாம் விசை மறுபக்கமாகத் திரும்பும்போது. முனையால் குத்தித் துளைக்கும்போது, மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி இழுக்கும்போது, அலகின் முதுகில் எதாவது மோதும்போது. இவற்றில் எல்லாம் அலகு மூடிக்கொள்ளப் பார்க்கும். அப்போது நெம்புகோல் கணக்கு நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆணியிலிருந்து 8 செ.மீ. தள்ளி, அலகின் முதுகில் 10 கிலோ அழுத்தம் விழுகிறது என்று கொள்வோம். பூட்டு அலகைத் தொடும் இடம் ஆணியிலிருந்து ஏறக்குறைய 8 மி.மீ. தூரத்தில்தான் இருக்கும். தூரம் பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்கு. பூட்டின்மேல் 100 கிலோ. அரிசி மூட்டை ஒன்றுக்கும் மேலான கனத்தை, விரல் நகத்தைவிடச் சின்ன ஓர் உலோகப் பரப்பு தாங்க வேண்டும்.

மடக்குவது பழைய யோசனை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி 2,500 ஆண்டுகளுக்கு முந்தையது. நம் ஊரில் ஓலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது; எழுத்தாணியோடு ஓலை நறுக்கும் கத்தியும் ஒரே பிடிக்குள் அடங்கும். 'பேனாக்கத்தி' என்ற சொல்லும் எழுத்து வேலையிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவிய குட்டிக் கத்தி அது. இவற்றில் பலவற்றுக்குப் பூட்டு கிடையாது, வெறும் இறுக்கம்தான். ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தி இன்றும் அப்படியே வருகிறது. அலகின் பின்புறம் ஒரு வால் நீண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அங்கே பூட்டு நம் விரல்தான்.

என் விரலைக் கடித்தது அடுத்த தலைமுறை: வில் வைத்த கத்தி. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891-ல் ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய கத்திகளின் வாரிசுகள் பெரும்பாலும் இந்த வகை. பிடியின் முதுகில் ஒரு பட்டை வில் இருக்கும். அலகின் அடிப்பகுதி சதுர வாட்டில் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். தட்டையான பக்கத்தில் வில் போய் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பூட்டிக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் எதுவும் பூட்டவில்லை. வில் அங்கேயே இருக்க விரும்புகிறது, அவ்வளவே. கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மனதை மாற்றிக்கொள்ளும்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் செய்த கத்தியில் இதுவும் இல்லை, மரப்பிடியின் இறுக்கம் மட்டுமே. 1955-ல் அதற்கு ஒரு வளையம் சேர்ந்தது. பிடியின் கழுத்தில் சுற்றும் உலோக வளையம். அதில் ஒரு பிளவு. பிளவு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும், வளையத்தைத் திருப்பிவிட்டால் மடங்காது. பாட்டில் மூடி திருகத் தெரிந்தவருக்கு இது புரியும். எனக்கு மிகவும் பிடித்த பூட்டு இதுதான். ஒரே குறை, அது தானாகப் பூட்டாது. நாம் மறந்தால் அதுவும் மறந்துவிடும்.

தானாகப் பூட்டும் கத்தியை அமெரிக்காவில் பெருவழக்காக்கியது பக் நிறுவனத்தின் 110. சான் டியாகோவிலிருந்து 1964-ல் வந்தது, வேட்டைக்காரர்களுக்காக. பிடியின் முதுகில் சீசாப் பலகை மாதிரி ஒரு நெம்புகோல். அதன் முன்முனையில் உள்ள பல், அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழும். பின்முனையை அழுத்தினால் பல் மேலேறும், அலகு விடுபடும். உறுதியான ஏற்பாடுதான். ஆனாலும் இரண்டு பலவீனங்கள் உண்டு. சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் பள்ளத்தில் சேர்ந்தால் பல் முழுதாக இறங்காது, இறங்கியது போலத் தோன்றும். இன்னொன்று, கைக்குள் இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதையே பின்முனையை அழுத்திவிடலாம். அதனால்தான் சில கத்திகளில் அந்த இடத்தைக் குழிவாகச் செதுக்கி விடுகிறார்கள். பயத்தில் இருப்பவர் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பார் என்று எண்ணிப் பாருங்கள், அந்தக் குழிவின் அருமை தெரியும்.

அடுத்து வந்ததுதான் எல்லாவற்றிலும் அழகான யோசனை. அதன் இன்றைய வடிவத்தை 1980-களின் தொடக்கத்தில் தந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர். பிடியின் உட்புறத் தகட்டில் நீளவாட்டில் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு நாக்கை உருவாக்கி, அதை லேசாக உள்நோக்கி வளைத்துவிட்டார். கத்தி மூடியிருக்கும்போது அலகு அந்த நாக்கை ஒதுக்கி வைத்திருக்கும். விரிந்ததும் நாக்கு நகர்ந்து அலகின் பின்னால் போய் நிற்கும். மூடினால் அலகு நாக்கின் தலையில் இடிக்கும்.

நம் வீட்டில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் ஆப்பு வைப்போமே, அதே தத்துவம். அலகின் அடிப்பகுதி நேராக இல்லாமல் 7 அல்லது 8 பாகை சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். 8 பாகையின் டேன்ஜெண்ட் மதிப்பு 0.14. உலர்ந்த எஃகுப் பரப்புகளின் உராய்வுக் குணகம், அதாவது ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் அளவு, பொதுவாக இதைவிடக் கூடுதல். அதனால் எவ்வளவு அழுத்தினாலும் ஆப்பு வழுக்காது. அழுத்தம் கூடும்போது உராய்வும் சேர்ந்தே கூடும். சாய்வு 15 பாகை என்று கூடிவிட்டால் நாக்கு வழுக்கி வெளியேறக்கூடும். மிகக் குறைந்தால் ஆப்பு இறுகிப் போய், மூடவே வராமல் அடம்பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு சில பாகைகளில்தான் கத்தி செய்பவரின் கைத்திறன் இருக்கிறது. மலிவுக் கத்திகளில் பிசகுவதும் இங்கேதான். படத்தில் இந்தச் சாய்வு தெரியாது. இன்னொரு சங்கதி: எண்ணெய் உராய்வைக் குறைக்கும். ஆகவே ஆணிக்கு ஒரு சொட்டு விடலாம், நாக்கு தொடும் முகத்துக்குக் கூடாது.

தேயத் தேய நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஆட்டம் வராது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் இன்னொரு படி போனார். உள்தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கத்தையே நாக்காக்கிவிட்டார். நம் கை இறுக்கினால் பூட்டும் இறுகும். தன் கத்திக்கு அவர் வைத்த பெயர் செபென்சா, சூலு மொழியில் 'வேலை'. வேட்டை, போர் என்று பெயர் வைக்கும் கூட்டத்தில் இது எனக்குப் பிடித்த பெயர்.

இந்த இரண்டு வகையிலும் மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கும். அதைத் தவிர்ப்பது 1998-ல் பெஞ்ச்மேட் நிறுவனம் கொண்டுவந்த குறுக்குக்கம்பிப் பூட்டு. பிடியின் இரண்டு பக்கமும் உள்ள காடிகளில் குறுக்காக ஓர் எஃகுக் கம்பி ஓடும். இரண்டு மெல்லிய வில்கள் அதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அலகு விரிந்ததும் கம்பி வந்து ஆப்பாக நிற்கும். இடக்கைக்காரருக்கும் ஏற்றது, விரலும் தப்பும். முதல் முறையாக ஒன்று வாங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த வகை.

சரி, எஃகு? கடைக்காரர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான், நான் குறைவாகவே பேசுவேன். கெட்டித்தன்மையை ராக்வெல் எண்ணால் சொல்வார்கள். வைரக் கூம்பை 150 கிலோ விசையில் எஃகின்மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளப்பது. ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழத்துக்கும் 100-லிருந்து ஓர் எண் குறையும். 58 என்றால் கூம்பு 0.084 மி.மீ. இறங்கியிருக்கிறது. சுவிஸ் கத்திகள் 56 வாக்கில் நிற்கும்: சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். 62-க்கு மேல் போனால் கூர் நிற்கும், எலும்பிலோ ஆணியிலோ பட்டால் சில்லு தெறிக்கும். கூடவே குரோமியம் 12, 13 சதவீதம் இருந்தால் எளிதில் துருப்பிடிக்காது. நம் ஊர் வியர்வைக்கு அது அவசியம். மற்றபடி, மெல்லிய அலகு சாதாரண எஃகிலும் நன்றாக வெட்டும், தடித்த அலகு உயர்ந்த எஃகிலும் முரண்டுபிடிக்கும்.

இப்போது தற்காப்புக்கு வருவோம். மேலே சொன்னதையெல்லாம் கோத்துப் பார்த்தால் விடை கிட்டத்தட்ட வந்துவிட்டது. மடக்குக்கத்தியின் மிகப் பலவீனமான திசை எதுவோ, பதற்றத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்தப் போகும் திசையும் அதுதான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கை வழுக்காமல் தடுக்கும் குறுக்குக் கட்டை பெரும்பாலான மடக்குக்கத்திகளில் கிடையாது, இருந்தால் பையில் அடங்காது. முனை கெட்டியான எதிலாவது பட்டு நின்றுவிட்டால், ஈரக்கை தன் கூரின்மேலேயே சறுக்கிப் போகும்.

அப்புறம் நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரக் காவலர் டென்னிஸ் டூயலர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட ஏறக்குறைய 1.5 நொடி ஆகிறது. அதே நேரத்தில் சாதாரண மனிதர் ஒருவர் 21 அடி, அதாவது 6.4 மீட்டர், ஓடி வந்துவிடுகிறார். உறையில் தயாராக இருக்கும் துப்பாக்கிக்கே இந்தக் கதி. மடக்குக்கத்தியை முதலில் பையில் தேட வேண்டும், எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் கூர் என்று கை உணர வேண்டும், விரிக்க வேண்டும், பூட்ட வேண்டும். ஒரு கையால் விரிக்க வசதியாக அலகில் வட்டத் துளையும் பையில் மாட்டக் கவ்வியும் வைத்த கத்தியை ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-லேயே கொண்டுவந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து திறந்தால் அரை நொடிகூட ஆகாது. ஆனால் அச்சத்தில் அட்ரினலின் ஏறும்போது விரல் நுனிகளின் நுண்ணிய வேலைகள்தான் முதலில் தடுமாறுகின்றன. நடுங்கும் கையால் சாவித்துவாரம் தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரும்பி ஓடுவதற்கு இத்தனை படிகள் கிடையாது.

சட்டங்களும் இந்தப் பூட்டைத்தான் உற்றுப் பார்க்கின்றன, விசித்திரமான விதத்தில். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அலகு பூட்டிக்கொள்ளும் வகையானால் அது மடக்குக்கத்தியே ஆகாது என்று அங்கே நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரலுக்குப் பாதுகாப்பான கத்தி சட்டத்துக்கு ஆபத்தான கத்தி. 'தற்காப்புக்காக' என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசம், ஆயுதமாகத்தான் வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டும் அலகுகளைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு.

வேலைக்காக ஒன்று வாங்குவதானால், கடையில் விரித்துப் பிடித்து, வெளிச்சத்தில் பூட்டைப் பாருங்கள். நாக்கு வகையானால் அது அலகின் அடிப்பகுதியில் கால்வாசியிலிருந்து பாதிவரை ஏறி நிற்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வேண்டாம். விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

என் பேனாக்கத்தி இப்போதும் இருக்கிறது. பார்சல் பிரிக்க, மாங்காய் கீற, பென்சில் சீவ அதைத்தான் எடுக்கிறேன். பெல்ட்டில் ஓட்டை வேண்டுமென்றால் மட்டும் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் போகிறேன். அவர் கையில் இருக்கும் குத்தூசி மடங்காது. வாங்குவது பத்து ரூபாய்.