பாறைக்குப் பின்னால் திரும்பி ஓடும் ஆறு

கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி அருகே ஓடும் சாலிப்புழாவில், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை மாதத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளின் போட்டி நடக்கும். அதன் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இவ்வளவு வெள்ளத்தில் அந்தச் சின்னப் படகை எப்படி இறக்குகிறார்கள்? ஏறி உட்காருவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடாதா?”

போய்விடும். அதனால்தான் பொதுவாக யாரும் வெள்ளத்தில் இறக்குவதில்லை. பெரிய பாறை ஒன்றின் பின்னால் இறக்குகிறார்கள்.

பாறையின் பக்கங்களில் சீறிப் பாயும் நீர், பக்கத்து நீரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால் பாறையின் முதுகுப்பக்கம் நீர்மட்டம் சற்றே தாழ்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, பாறையைத் தாண்டிப் போன நீர் பாறையை நோக்கித் திரும்பி வருகிறது. ஆறு மேல்நோக்கி ஓடுகிறது! ஓர் இலையைப் போட்டுப் பாருங்கள். வெள்ளத்தை எதிர்த்து அது நிதானமாகப் பாறையைப் போய்த் தொடும். எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

இந்தப் பின்னோட்டத்தில் படகு தானாகவே நிற்கும். ஆபத்து அடுத்த நொடியில்தான். எதிரெதிராக ஓடும் இரண்டு நீருக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு நெளிகிறது. படகின் மூக்கு அதைத் தாண்டியதும் வெள்ளம் மூக்கை ஆறு போகும் திசையில் தள்ளுகிறது, பின்னோட்டம் வாலை எதிர்த்திசையில் தள்ளுகிறது. குழாயைத் திருகும் இரண்டு விரல்களைப் போல இரண்டும் சேர்ந்து படகைச் சுழற்றிவிடுகின்றன.

நின்றிருந்த பஸ் சட்டென்று கிளம்பினால் கால் முன்னே போகும், உடல் பின்னே சாயும் அல்லவா? இங்கும் படகை வெள்ளம் இழுத்துக்கொண்டு போக, உடல் பின்தங்கி, நீர் வரும் பக்கமாகச் சாய்கிறது. அந்தப் பக்கத்து விளிம்பு தாழ்ந்தால் நீர் அதன்மேல் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். எனவே எல்லைக்கோட்டைத் தாண்டும்போதே, நீர் போகும் பக்கமாகப் படகைச் சாய்த்துக்கொள்கிறார்கள். வேகம் இருமடங்கானால் நீரின் விசை நான்கு மடங்காகும், தயங்க நேரமில்லை.

இதே பின்னோட்டம் நம்மூர்த் தடுப்பணைகளின் அடியிலும் இருக்கிறது. விழும் நீர் அடியில் பாய்ந்து போக, மேல்நீர் அணையை நோக்கித் திரும்புகிறது. பாறைக்குப் பின்னால் படுத்திருந்த சுழல் இங்கே நிமிர்ந்து நிற்கிறது, அதுவும் கரையிலிருந்து கரைவரை. குளிக்க இறங்கியவரை மீண்டும் மீண்டும் அணையடிக்கே இழுக்கிறது. “ஆறு காவு கேட்கிறது” என்று சொல்லிவிட்டுப் போகும் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. அணையடியில் பாறைகளைப் படிப்படியாக அடுக்கிச் சரிவாக்கினாலே இந்தச் சுழலை உடைக்கலாம். எந்த அணைக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்பதை நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சிறு மாதிரி கட்டியே சோதித்துவிடலாம். அதற்கான பணத்தை அரசு ஒதுக்க வேண்டும், அடுத்த மழைக்கு முன்பாகவே.