ஸ்ட்ரைப்ட் பாஸ் கரைக்கு எப்போது வருகிறது, ஏன் வருகிறது

கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர் மீனைத் தேடிப் போக முடியாது; மீன்தான் அவருடைய வீச்சுக்குள் வர வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலோரத்தில் அப்படிக் காத்திருப்பவர்கள் பெரிதும் விரும்பும் மீன் ஸ்ட்ரைப்ட் பாஸ். வெள்ளி மின்னும் உடலில் ஏழெட்டுக் கரிய கோடுகள் வால் வரை ஓடும். 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இந்த இனத்தில், தூண்டிலில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான மீனின் எடை 81.88 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ. அது 2011இல் கனெக்டிகட் கடலோரத்தில் கிடைத்தது. இன்ன மாதம் இன்ன கரைக்கு வரும் என்று தேதியை வைத்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் இந்த மீனை நகர்த்துபவை நீரின் வெப்பநிலையும் இரையின் நடமாட்டமும்தான். இவ்விரண்டும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக மாறுவதால், தேதியை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவது இயல்பு.

நம் மீன்கடைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படும் கொடுவாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொடுவா முட்டையிட உப்புநீரை நோக்கி இறங்கும். ஸ்ட்ரைப்ட் பாஸோ கடலிலிருந்து ஆற்றின் நன்னீருக்கு ஏறும். அதே அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள், டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு ஆகியவையே கடலோரமாக நெடுந்தொலைவு பயணிக்கும் கூட்டங்களின் பிறப்பிடங்கள். அவற்றுள் பெரும்பங்கு செசபீக்குடையது. வசந்தத்தில் ஆற்றுநீர் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முட்டையிடல் தொடங்குகிறது. முட்டைகள் முழுதாக மிதப்பதும் இல்லை, எளிதில் மூழ்குவதும் இல்லை. பொரிப்பதற்கு ஆகும் ஏறக்குறைய இரண்டு நாளும் நீரோட்டம் அவற்றைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் தளர்ந்தால் அவை அடிச்சேற்றில் படிந்து மூச்சடைத்து அழிந்துவிடும். குளிரும் மழையும் மிகுந்த ஆண்டுகளில் குஞ்சுகள் பெருகுவதற்கும், மிதமான குளிரும் வறட்சியும் உள்ள ஆண்டுகளில் குறைவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

முட்டையிட்டு முடித்த பெரிய பெண்மீன்கள் கடலுக்கு இறங்கி, கரையை ஒட்டி வடக்கே செல்கின்றன. ஆண்மீன்களில் பல விரிகுடாவிலேயே தங்கிவிடுவதால், வடக்கே மாசசூசெட்ஸில் பிடிபடும் பெரிய மீன் பெரும்பாலும் தாய்மீனாகவே இருக்கும். அவை மே மாதத்தில் அம்மாநிலத்தின் கேப் காட் பகுதியை எட்டி, ஜூனில் இன்னும் வடக்கே மேய்ன் மாநிலம் வரை பரவுகின்றன. இளமீன்களின் பருவம் தொடங்கும் விதம் இன்னும் எளியது. ஏப்ரலில் கடல் சில்லிட்டுக் கிடக்கும்போதே, ஆழமற்ற கழிமுகங்களின் கருஞ்சேற்றுத் தரைகள் பகல் வெயிலில் சூடேறிவிடும். அங்கே கடற்புழுக்களும் சிறுமீன்களும் சுறுசுறுப்படையும். ஆகவே வசந்தத்தின் தொடக்கத்தில், வெயில் காய்ந்த பிற்பகலில் வற்றம் (கடல்நீர் வடிதல்) தொடங்கி, அந்த வெதுவெதுப்பான நீர் வெளியேறும் வாய்க்கால் முகமே தூண்டில்காரருக்கு நல்ல இடம். ஓரிரு டிகிரி வேறுபாடுகூட அந்தப் பருவத்தில் மீனை அசைத்துவிடும்.

ஸ்ட்ரைப்ட் பாஸ் வெட்டித் தின்னும் மீன் அல்ல. அதற்கு வெட்டும் பற்கள் இல்லை. வாயையும் செவுள்மூடிகளையும் ஒரே நொடியில் விரித்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்து முழுதாக விழுங்குகிறது. மணிக்கணக்கில் துரத்துவதைவிட, ஓட்டம் இரையைத் தன் வாயருகே கொண்டுவரும் இடத்தில் பதுங்கி நிற்பதே அதற்குக் கட்டுப்படியாகும். கரையிலிருந்து பிடிக்கிறவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான் என்று நான் கருதுகிறேன். தூண்டிலின் விலையும் செயற்கை இரையின் வண்ணமும் இதற்குப் பிறகுதான் வரும்.

ஒரு மணற்கரையை வற்றத்தின்போது போய்ப் பார்த்தால் இது விளங்கும். கரைக்கு இணையாகச் சற்றுத் தொலைவில் ஒரு மணல்திட்டு மேடிட்டிருக்கும். அதற்கும் கரைக்கும் நடுவே பள்ளம் ஓடும். திட்டு எங்கேனும் ஓரிடத்தில் அறுபட்டிருக்கும். ஏற்றத்தின்போது, அதாவது கடல்நீர் உயரும்போது, அலைகள் திட்டின் மேல் உடைந்து பள்ளத்தை நிரப்புகின்றன. நிரம்பிய நீர் அந்த அறுந்த வாயின் வழியே கடலுக்குத் திரும்புகிறது. உடையும் அலையில் நிலைதடுமாறிய சிறுமீன்களும் மணலிலிருந்து கிளறப்பட்ட நண்டுகளும் அந்த ஓட்டத்தில் இழுபட்டு வருகின்றன. பாஸ் திட்டின் அந்த அறுந்த வாய்க்கு ஓரமாக, வேகநீரும் மந்தநீரும் சந்திக்கும் கோட்டில், ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். மேலே அந்த இடத்தில் அலை உடையாமல் நீர் கருத்துத் தெரியும். பாறை முனையானாலும் முகத்துவாரமானாலும் பாலத்தின் தூண் நிழலானாலும் இதே விதிதான். ஏற்றமா வற்றமா என்பது இடத்துக்கு இடம் மாறும். நீர் நகர வேண்டும் என்பது மாறாது. ஏற்றவற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்று ஆறு மணிக்குக் கிடைத்த மீனை இன்று ஏழு மணியை ஒட்டி எதிர்பார்ப்பதே முறை.

கோடையில் ஆழமற்ற நீர் சூடேறும்போது பெரிய மீன்கள் பகலில் குளிர்ந்த ஆழத்துக்கு ஒதுங்கி, இருட்டியபின் கரைக்கு வருகின்றன. மங்கிய ஒளியில் சிறுமீன்களைவிட அவற்றுக்கே வசதி அதிகம். கண்ணோடு, நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்பும் உதவுகிறது. இரவில் மெதுவாக இழுக்கப்படும் இரை நன்றாக எடுபடுவது இதனால்தான்.

ஆனால் கரைக்காரரின் உண்மையான பருவம் இலையுதிர்காலம். செப்டம்பரில் நியூ ஜெர்சிக் கரையோரமாக மடவைக் குஞ்சுகள் அலையை ஒட்டியே கூட்டமாகத் தெற்கே செல்லும். நியூயார்க்கின் மான்டாக் முனையில் நெத்திலி இனம் ஒன்று செம்பழுப்பு மேகம்போலத் திரளும். மத்திக்கு உறவான மென்ஹேடனின் குஞ்சுகள், நீர் குளிரக் குளிரக் கழிமுகங்களை விட்டு வெளியேறும். இரை முழுவதும் கரையை ஒட்டி நகரும்போது, குளிர்காலத்தைக் கழிக்க வர்ஜீனியா, வட கரோலைனாக் கடலுக்குத் திரும்பும் பாஸும் கரையை ஒட்டியே வருகிறது. பகல் வெளிச்சத்தில், முழங்கால் ஆழத்தில், பறவைகள் மேலே வட்டமிட, நீர் கொதிப்பதுபோல அது இரையெடுக்கும். அப்போது வீசும் இரை, மீன் தின்றுகொண்டிருக்கும் குஞ்சின் அளவை ஒத்திருக்க வேண்டும். நெத்திலியில் மூழ்கியிருக்கும் மீன், ஒரு சாண் நீளப் பொம்மை மீனைப் பலமுறை திரும்பியும் பார்ப்பதில்லை.

இத்தனை மீன் ஓரிடத்தில் கூடுவதைக் கண்டு வளம் குன்றவில்லை என்று நினைப்பது தவறு. 2019 முதல் செசபீக்கின் மேரிலாந்துப் பகுதியில் குஞ்சுகளின் கணக்கு ஆண்டுதோறும் சராசரிக்கு வெகுவாகக் கீழே இருந்துவந்திருக்கிறது. 6 வயதுத் தாய்மீன் ஏறத்தாழ 5 இலட்சம் முட்டை இட்டால், 15 வயதுத் தாய்மீன் 30 இலட்சத்துக்கு மேல் இடும். 2023இல் கடலோரத் தூண்டில்காரர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் நீளத்துக்கு 31 அங்குலம் என்ற மேல்வரம்பு விதிக்கப்பட்டு, பெரிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றானதன் நியாயம் இதுதான். விடப்படும் மீன்களிலும் நூற்றுக்கு 9 இறப்பதாகவே நிர்வாகக் கணக்கு கொள்கிறது. நீர் சூடாக இருக்கும்போது ஆபத்து இன்னும் கூடும். ஆகவே இயற்கை இரைக்கு, தொண்டையில் தைக்காமல் வாயோரத்தில் பற்றும் வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும். ஆகஸ்ட் நண்பகலின் வெதுவெதுத்த நீரில் பெரிய மீனை வேண்டுமென்றே குறிவைக்காமலிருப்பது நல்லது. பிடித்த மீனை மணலில் புரட்டாமல், அடிவயிற்றைத் தாங்கியபடி நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, அது தானாக வாலை உதறிக் கையை விட்டுப் போகும்வரை ஓட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்திருக்க வேண்டும்.