பாதுகாப்பான ஓட்டையா? ‘ஷெல்’ படும் பாடு

“பாதுகாப்பான ஓட்டைத் திறக்கவும்.” தொலைவில் உள்ள வழங்கியோடு (சர்வர்) இணைவது எப்படி என்று சொல்லவந்த தமிழ்க் குறிப்பு ஒன்றில் இருந்த வரி இது. அப்படி இணைய உதவும் ‘செக்யூர் ஷெல்’ (சுருக்கமாக எஸ்எஸ்எச்) ‘பாதுகாப்பான ஓடு’ ஆனது. இரண்டாம் வேற்றுமை சேர்ந்ததும் ஓட்டையே ஆகிவிட்டது. ஓட்டையை அடைக்க வந்த கருவிக்கு இப்படி ஒரு பேர்! இந்த ‘ஓடு’ அடிக்கடி கண்ணில் படுகிறது, இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல் வந்த கதை சின்னதுதான். நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயங்குதளத்தின் உட்பகுதிக்குச் சொல்லும் நிரல்தான் ஷெல். 1960களில், மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தின் காலத்தில், கணினி அறிஞர் லூயி பூசான் வைத்த பேர். பிறகு யூனிக்ஸ் இயங்குதளத்தில், தொலைவிலிருந்தே கட்டளை தர ‘ரிமோட் ஷெல்’ வந்தது. அதுவும் சரி, தொலைவிலிருந்து நுழைய உதவும் டெல்நெட்டும் சரி, எதையும் மறைக்காமல் அனுப்பும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்க, டாட்டு யுலோனென் ‘செக்யூர் ஷெல்’லை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஐ அதற்குப் போர்ட் எண்ணாக (இணைப்புக்கான வாசல் எண்) கேட்டு வாங்கினார்.

இப்போது ஓட்டுக்கு வருவோம். “ஆங்கிலத்திலும் அது நத்தை ஓடுதானே” என்பார்கள். அங்கே உள்ளே இருக்கும் இயங்குதள உட்பகுதிக்குப் பருப்பு என்று பொருள்படும் ‘கெர்னல்’ என்று பேர்; பருப்பைச் சுற்றி ஓடு, உவமை பொருந்துகிறது. தமிழில் யாரும் கெர்னலைப் பருப்பு என்று எழுதுவதில்லை. பருப்பை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் தூக்கிவந்து என்ன செய்வது? போதாக்குறைக்கு ‘ஓடு’ ஏவல் வினையும்கூட. “ஓடு இயங்கவில்லை” என்று படித்தால் ஓடுவதா நிற்பதா என்றே தெரியாது. ‘உறை’ என்பவர்களும் உண்டு. தலையணை உறை கட்டளை கேட்குமா?

இதைவிடப் பெரிய கோளாறு, எஸ்எஸ்எச் ஒரு ஷெல்லே இல்லை என்பது. அது மறையாக்கம் செய்த ஒரு வழி. ஷெல் இருப்பது அந்த வழியின் மறுமுனையில், வழங்கியில்; பெரும்பாலும் அது பாஷ் என்ற ஷெல். இதே வழியில் கோப்புகளும் போய்வருகின்றன. பேரை மட்டும் பார்த்து, வேலையைப் பார்க்காமல் பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

என் கட்சி இது: ஷெல்லுக்குக் ‘கட்டளைமுகம்’. ‘இடைமுகம்’ ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் இது உறுத்தாது. எஸ்எஸ்எச் என்பது நெறிமுறையின் (புரோட்டோகால்) பேர், அப்படியே இருக்கட்டும். அதைக் கொண்டு செய்யும் வேலை ‘காப்புத் தொலைநுழைவு’. நீளம் என்றால் ‘தொலைநுழைவு’ போதும். காப்பில்லாமல் இப்போது யார் நுழைகிறார்கள்?

ஒரே சொல்லாக இருக்கவேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் உண்டு. முன்பு விண்டோஸ்காரர்கள் பெரும்பாலும் புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலைத் தனியாக நிறுவிக்கொள்வார்கள். 2018 முதல் விண்டோஸ் 10இலேயே ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற நிரல் வந்துவிடுகிறது. மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் தட்டுவது ஒரே வரி: எஸ்எஸ்எச், பயனர்பெயர், அட் குறி, வழங்கியின் முகவரி. குறிப்பு எழுதுபவர்களோ விண்டோஸுக்கு ‘ஓடு’, மேக்குக்கு ‘முனையம்’, லினக்ஸுக்குக் ‘கூடு’ என்கிறார்கள். படிப்பவர் மூன்று வேறு வேலைகள் என்று நினைத்துக்கொள்வார். முனையம் என்பது சாளரம், அதற்குள் ஓடுவது ஷெல் என்ற வேறுபாடும் இதில் காணாமல் போகிறது.

இன்னொன்று. முதல்முறை இணையும்போது, எதிர்முனைக் கணினியின் விரல்ரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்துச் சரம்) காட்டி, தொடரலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘யெஸ்’ என்று ஆங்கிலத்தில் முழுசாகத் தட்டவேண்டும். மேலே சொன்ன அதே குறிப்பு “‘ஆம்’ எனத் தட்டச்சு செய்க” என்கிறது. தட்டினால், யெஸ் அல்லது நோ என்று தட்டச் சொல்லி அது திரும்பக் கேட்கும். மொழிபெயர்த்தவர் அந்த வரியை ஒருமுறைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.