விறாந்தையில் நிற்கும் அதிபர்

"சேர் விறாந்தையில நிற்கிறாரான்னு பார்த்துட்டுத்தான் பிள்ளைகளோட சிரிக்கிறேன்."

ஹட்டனில் சனிக்கிழமைகளில் உளவளத்துணைக்காக நான் ஆட்களைச் சந்திக்கும் சின்ன அறையில் ஓர் ஆசிரியை சொன்னது இது. (பாடம், சேவைக்காலம், ஊர் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மலையகம் சின்ன இடம், பஸ்ஸில் ஏறினாலே தெரிந்த முகம் மூன்று இருக்கும்.) அவர் வந்தது தலைவலிக்காக. டொக்டர் கண்ணைச் சோதித்து, பிரஷரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஞாயிறு பின்னேரம் தொடங்கும் தலைவலி, வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு மணி அடித்ததும் போய்விடுகிறதாம். அதைக் கேட்டதுமே கதை எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய அதிபர் கெட்டவரில்லை. காசு அடிப்பதில்லை, குடிப்பதில்லை, ஆறே முக்காலுக்கே பாடசாலையில் இருப்பார். ஆனால் கண்கொத்திப் பாம்பு. பாடக் குறிப்பில் தலைப்புக்குக் கீழே எந்த நிறத்தில் கோடு போட வேண்டும் என்று சொல்வார். தவணைப் பரீட்சை வினாத்தாளை நாலு முறை திருப்பி அனுப்புவார், நாலாவது முறை முதலில் எழுதியதையே திரும்ப எழுதச் சொல்வார். வகுப்புக்கு வெளியே நின்று கேட்பார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "டீச்சர் இன்னைக்கு என்ன படிப்பிச்சாங்க?" என்று விசாரிப்பார். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில், "நாளைக்கு 6.45க்கு முதல் எல்லாரும் பதில் போடவும்."

இதைத்தான் மைக்ரோமேனேஜ்மென்ட் என்கிறார்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பெயர் தேவையே இல்லை. அந்த ஆசிரியை இதற்கு வைத்திருந்த சொல் வேறு. வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போட அதிபர் பேனையோடு காத்திருப்பதைச் சொல்லிவிட்டு, "எங்கம்மாவுக்கு அரைப்பேர் போடுற மாதிரியே இருக்கு" என்றார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கொழுந்து குறிப்பிட்ட கிலோவை எட்டவில்லை என்றால் அன்றைய நாளுக்கு அரைச் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள். எத்தனையோ தலைமுறையாக யாரோ ஒருவர் மேட்டில் நின்று பார்க்க, கீழே குனிந்து வேலை செய்த சமூகம் இது. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகளும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்வியியற் கல்லூரிக்குப் போய், நியமனம் வாங்கி, சேலை கட்டி வகுப்பறையில் நிற்கிறது. அங்கேயும் ஒருவர் மேட்டில் நின்று பார்த்தால் அது வெறும் அலுவலகத் தொல்லையாக இறங்காது, பழைய காயத்தில் போய்த் தட்டும். மேட்டில் நிற்கும் அதிபருக்கும் பல நேரம் இதே வளர்ப்புதான். மேற்பார்வை என்றால் இப்படித்தான் என்று அவரும் பெரட்டுக்களத்தில்தான் கற்றிருக்கிறார்.

உடம்புக்கு இது என்ன செய்யும்? 1979இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேலை அழுத்தத்தைப் பற்றி முன்வைத்த கருத்து இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது. வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. வேலை அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு, இந்த இரண்டும் சேரும்போதுதான் உடைகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியை, கோட்டின் நிறத்துக்காக அழுவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. பாடக் குறிப்பைப் பார்ப்பதும், வரவைக் கவனிப்பதும், வகுப்பை மேற்பார்வை செய்வதும் அதிபரின் கடமை. அங்கே போய்ச் சண்டை பிடித்தால் தோற்பீர்கள், தோற்க வேண்டியதும்தான். என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதச் சொல்வேன்: அவர் எதைக் கேட்டார், எப்போது, யார் முன்னால். எழுதிப் பார்த்தால், நூறு என்று நினைத்த தொல்லையில் பாதி வழக்கமான மேற்பார்வையாக இருக்கும். மீதிப் பாதிதான் நமக்கு வேலை.

அந்த மீதிப் பாதியின் அடியில் அநேகமாக இருப்பது பயம். உளவளத்துணைக்கு வருவதற்கு முன் நானும் ஆறு வருடம் படிப்பித்தவன். என் முதல் அதிபர் ஒரு நாளைக்கு இரண்டு வெண்கட்டிதான் தருவார், பின்னேரம் மிஞ்சிய துண்டைத் திருப்பிக் கேட்பார். நாங்கள் ஆசிரியர் அறையில் அவரைப் போல் நடித்துச் சிரிப்போம். பல வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிந்தது: முன்பிருந்த பாடசாலையில் கணக்காய்வில் கதிரைகள் குறைந்து, அதற்குத் தன் சம்பளத்தில் காசு கட்டியிருக்கிறார் மனுஷன். வெண்கட்டியை எண்ணியது எங்களை நம்பாததால் இல்லை. அவருக்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. (அதற்காக அந்த ஆறு வருடம் எனக்கு இனித்தது என்று சொல்ல மாட்டேன்.)

பயந்த ஆளிடம் தகவலை ஒளித்தால் இன்னும் கிட்ட வந்து தேடுவார். அவர் தேடி வருவதற்கு முன்பே நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். தலைவலி ஆசிரியையிடம் அதைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவதற்கு முன் அரைப் பக்கம்: இந்த வாரம் முடித்தது, அடுத்த வாரம் செய்யப்போவது, பிந்தியது எது, ஏன். வினாத்தாளைக் கேட்கும்வரை காத்திருக்காமல் மூன்று நாள் முன்பே கொண்டுபோய், "சேர், இந்த ரெண்டு கேள்வியிலதான் எனக்குச் சந்தேகம், மற்றது சரின்னு நினைக்கிறேன்" என்று கொடுப்பது. பார்க்க இரண்டு இடம் தந்துவிட்டால் இருபது இடத்தில் கை வைக்க மாட்டார். முதல் வாரம் அவர் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் கொடுக்க மறந்தபோது, "அந்தப் பேப்பர் எங்க டீச்சர்?" என்று கேட்டாராம். வினாத்தாள் இப்போது ஒரு முறைதான் திரும்பி வருகிறது. கோட்டின் நிறம் மட்டும் மாறவில்லை. அதை ஆசிரியை விட்டுக்கொடுத்துவிட்டார், நானும் அதையே சொன்னேன். நீலக் கோட்டுக்காக மானம் போகாது.

இன்னொரு கேள்வியும் உதவும். கோபமில்லாத ஒரு நாளில், தனியாக, அவருடைய அறையில்: "சேர், எதை உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யணும், எதை நானே முடிவெடுத்துச் செய்யலாம்?" பலர் இதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அதிபர் பல நேரம் நமக்கே படிப்பித்தவராக இருப்பார், அல்லது மாமா முறையாக இருப்பார். அதனால்தான் கேள்வியாகக் கேட்கச் சொல்கிறேன், குற்றச்சாட்டாக இல்லை. பதிலை அன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள்.

ராத்திரிச் செய்திக்கு என் யோசனை: சண்டை வேண்டாம், ஆனால் பத்தரைக்குப் பதிலும் வேண்டாம். தினமும் காலை ஆறரைக்குத் தவறாமல் பதில் போடுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பதில் எப்போது வரும் என்று அவருக்குப் பழகிவிடும். ஒரு நாள் ராத்திரி பயத்தில் போட்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்புறம், தேநீர் இடைவேளையில் அவரைப் பற்றிக் கதைப்பது. மனம் ஆறும்தான், ஆனால் இரண்டாம் மணி அடிப்பதற்குள் அது அவர் காதுக்குப் போயிருக்கும். பாடசாலைக்கு வெளியே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பயந்த அதிபருக்கு. ஆளை நசுக்குவதற்கென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வெள்ளிக்கிழமைத் தாள் செல்லாது. பிள்ளைகள் முன்னால் ஏசுவது, ஒருவரை மட்டும் குறிவைப்பது, நியாயமான லீவை மறுப்பது, தூரத்துக்கு இடமாற்றுவேன் என்று மிரட்டுவது, பெண் ஆசிரியைகளிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுவது. இங்கே திகதி, நேரம், அருகில் இருந்தவர் பெயர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். லீவுக் கோரிக்கை எழுத்தில் போகட்டும், பிரதி உங்களிடம் இருக்கட்டும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உங்களைப் பற்றி எழுதிக் கையொப்பம் கேட்டால் வாசிக்காமல் போடாதீர்கள். உடன்பாடில்லை என்றால் உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்குத் தனியாகப் போவதைவிட தொழிற்சங்கத்தோடு போவது நல்லது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. பாலியல் தொந்தரவு என்றால் அது நிர்வாகப் பிரச்சினையே இல்லை, 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். "குடும்ப மானம்" என்று அதை மூடி வைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இடமாற்றம் கேட்பது தோல்வியா என்று கேட்கிறார்கள். இல்லை. சில இடங்களில் அதுதான் மருந்து. தூக்கம் போய், பசி போய், செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்துவிட்டால் இடமாற்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

போன தவணை ஓர் அதிபரே என்னிடம் வந்தார். அவருக்கும் தூக்கமில்லை. "பிழை நடந்தா வலயத்துல எனக்குத்தானே ஏசுவாங்க" என்றார். ஒரு நாளில் தானே நேரில் போய்ப் பார்க்கும் விஷயங்களை எழுதச் சொன்னேன். பதினேழு வந்தது. ஒன்றை மட்டும் இரண்டு வாரத்துக்கு விட்டுப் பாருங்கள் என்றேன். நெடுநேரம் யோசித்து, தேநீர் இடைவேளை முடிந்து யார் யார் எத்தனை மணிக்கு வகுப்புக்குப் போகிறார்கள் என்று குறிப்பதை விட்டார். இரண்டு வாரம் கழித்து வந்து, "ஒண்ணும் நடக்கல" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அப்ப ரெண்டாவதையும் விடுவோமா சேர்?"

"அதை அடுத்த தவணைக்குப் பார்ப்போம்" என்றார்.