‘சுவிம்மிங் பாத்ஸ்’: நீச்சல் குளமா, குளிப்பகமா?

‘சுவிம்மிங் பாத்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எழுத நேரும்போது நம் கை தானாகவே ‘நீச்சல் குளம்’ என்று எழுதிவிடுகிறது. பிரிட்டனின் தொழில் நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அந்தப் பெயரில் எழுந்த செங்கற் கட்டடங்களுக்குள் நீச்சல் குளம் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே வந்தவர்களில் பலர் நீந்துவதற்காக வரவில்லை. வீட்டில் குளிக்க இடமில்லாததால் வந்தார்கள். ‘நீச்சல் குளம்’ என்று எழுதிய உடனே அவர்கள் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். ஆகவே இத்தொடருக்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தேவையாகிறது.

முதலில் ‘பாத்’ என்ற சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் உண்டு. ஜெர்மன் மொழியின் ‘பாட்’ என்பதும் இதன் உடன்பிறப்பே. மொழியியலாளர் இவ்விரண்டையும் ‘சூடாக்குதல்’ என்னும் பொருளுடைய மிகப் பழைய ஒரு வேரோடு இணைக்கிறார்கள். ரொட்டி சுடுவதைக் குறிக்கும் ஆங்கில வினையையும் அதே வேரின் கிளையாகக் காட்டுவது உண்டு. குளிர்நாட்டில் குளியல் என்பதன் சிறப்பே வெந்நீரில் இருந்தது என்பதால் இது வியப்பளிப்பதன்று. ரோமானியர் தம் பெரிய பொதுக் குளியல் மாளிகைகளுக்கு வைத்த ‘தெர்மே’ என்ற பெயர், ‘சூடான’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அரபியின் ‘ஹம்மாம்’ என்பதற்கும் வெப்பம் என்பதே வேர்ப்பொருள். ஆக, மூன்று மொழி மரபுகள் குளியலுக்குப் பெயரிடும்போது நீரின் சூட்டைத்தான் முதலில் நினைத்திருக்கின்றன. ரோமானியர், நீந்துவதற்கான குளத்தை மட்டும் ‘நடாட்டியோ’ என்று தனியே வழங்கினார்கள். அது நீந்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மீன்வளர்க்கும் குளத்துக்கு அவர்கள் வைத்திருந்த ‘பிஸ்கினா’ என்ற பெயர் நாளடைவில் மனிதர் இறங்கும் குளத்துக்கும் ஆகி, இன்றைய பிரெஞ்சு மொழியில் நீச்சல் குளத்தைக் குறிக்கும் ‘பிஸீன்’ என்று நிற்கிறது.

இனி ‘பாத்ஸ்’ என்ற பன்மையைக் கவனிக்க வேண்டும். ஒரே கட்டடத்தைக் குறிக்கும் இச்சொல் ஏன் பன்மையில் நிற்கிறது என்பதில்தான் அதன் வரலாறே அடங்கியிருக்கிறது. 1832ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் காலரா பரவியபோது, அயர்லாந்திலிருந்து குடியேறிய கிட்டி வில்கின்சன் என்ற உழைப்பாளிப் பெண், தம் தெருவில் தம்மிடம் மட்டுமே இருந்த கொதிகலனை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணிகளும் படுக்கை விரிப்புகளும் அங்கே வெந்நீரில் துவைக்கப்பட்டன. நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்ற அறிவு மருத்துவ உலகிலேயே நிலைபெறாத காலம் அது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் அதே நகரின் பிரடெரிக் தெருவில், மக்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் பொதுக்கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1846இல், குளியலிடங்களும் துணி துவைக்கும் கூடங்களும் அமைக்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் தரும் சட்டத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கடைநிலை வகுப்பில் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னி, வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்னி என்பதைக் கட்டணத்தின் மேல்வரம்பாக அச்சட்டமே வைத்தது. இந்த நோக்கத்தில் நீச்சலுக்கு முதலிடம் இல்லை. மூடுகூரையுடைய நீச்சல் குளங்களுக்குச் சட்டம் தெளிவாக வழிவிட்டது 1878இல் வந்த திருத்தத்தால்தான்.

இப்படி ஒரே கூரையின் கீழ் பலவகைக் குளியல்கள் சேர்ந்தன. தனித்தனி அறைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொட்டி இருந்தது. செருப்பின் வடிவில் ஒருபக்கம் மூடியிருந்த பழைய தொட்டியின் நினைவாக அதைச் ‘செருப்புக் குளியல்’ என்று ஆங்கிலத்தில் வழங்கினார்கள். பெரிய குளங்கள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கப்பட்டன. பெண்களுக்குத் தனிக் குளமோ தனி நாளோ ஒதுக்கப்பட்டது. சில இடங்களில் வறண்ட சூடான காற்றில் வியர்க்கச் செய்யும் துருக்கிக் குளியலும், பக்கத்திலேயே சலவைக்கூடமும் இருந்தன. இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதே ‘பாத்ஸ்’ என்ற அந்தப் பன்மை.

மான்செஸ்டர் நகரில் 1906இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாத்ஸ் கட்டடத்தின் முகப்பைப் பார்த்தால் இந்தப் பிரிவினை கல்லிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள் என்று மூன்று வாசல்கள்; மூன்றின் மேலும் எழுத்துகள். உள்ளே போகும் வழியின் சுவர்களில் பச்சை ஓடுகளும், சன்னல்களில் வண்ணக் கண்ணாடியும் பதித்திருக்கிறார்கள். அவ்வளவு அழகாகக் கட்டிய அந்த மாளிகையில் தண்ணீர் சென்ற வழியைக் கேட்டால் மனம் கசக்கிறது. புதுநீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களின் குளத்தை நிரப்பும். அங்கே பயன்பட்ட நீர் இரண்டாம் வகுப்பு ஆண்களின் குளத்துக்குப் போகும். அதன் பிறகே பெண்களின் குளத்துக்கு வரும். அக்கட்டடம் 1993இல் மூடப்பட்டது. 2003இல் தொலைக்காட்சி வாயிலாக மக்கள் வாக்களித்து, அதைச் சீரமைக்கும் நிதிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

வடிகட்டிகளும் குளோரினும் வருவதற்கு முன்பு, குளத்தை நிரப்பி, சில நாள் பயன்படுத்தி, பிறகு முழுவதும் திறந்துவிட்டு மீண்டும் நிரப்புவதே முறையாக இருந்தது. புதுநீர் நிரப்பிய நாளில் கட்டணம் கூடுதல். நீர் கலங்கக் கலங்கக் கட்டணம் குறையும். கையில் காசு குறைந்தவர்கள் எந்தக் கிழமையில் வந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் பல ஊர்களில் குளத்தை வற்றவிட்டு, அதன்மேல் பலகைத் தளம் பாவி, உடற்பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும், பிற்காலத்தில் நடனத்துக்கும் பயன்படுத்தினார்கள். கோடையில் நீந்தக் கற்ற குளத்தின் மேலேயே குளிர்காலத்தில் நடனமாடியதாக அந்நாட்டு முதியோர் நினைவுகூர்வதற்கு இதுவே பின்னணி. அவர்கள் நினைவில் மாறாமல் வருபவை இன்னும் சில உண்டு: குளத்தின் இரு மருங்கிலும் வரிசையாக நின்ற, மேலும் கீழும் திறந்த அரைக்கதவுடைய உடைமாற்றும் சிற்றறைகள், ஓடு பதித்த சுவர்களில் மோதித் திரும்பும் கூச்சல், மூக்கில் ஏறும் அந்த நெடி. அந்த நெடியைக் குளோரினின் மணம் என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில், வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களே அதற்குக் காரணம்.

வீடுதோறும் குளியலறை வந்த பிறகு, தொட்டி அறைகளுக்கு ஆள் குறைந்தது. எஞ்சியது குளம் மட்டுமே. எனவே ‘பாத்ஸ்’ என்ற சொல்லும் பின்வாங்கி, ‘சுவிம்மிங் பூல்’ என்பது மேலோங்கியது. பிறகு பல விளையாட்டுகளும் ஒன்றாக அமைந்த ‘லெஷர் சென்டர்’ வந்தது. ‘பூல்’ என்பது நீர் தேங்கிய சிறு நிலையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். அதில் குளியல் என்ற பொருளே இல்லை. நம்முடைய ‘நீச்சல் குளம்’ இந்த ‘சுவிம்மிங் பூல்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் நல்ல பெயர்ப்பு. பிந்திய சொல்லுக்கு ஏற்பட்ட அந்தப் பெயர்ப்பை முந்திய சொல்லுக்கும் அணிவிப்பதுதான் பிழையாகிறது.

அப்படியானால் ‘பாத்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? இங்கே நம் ‘குளி’ என்ற வினையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். ‘குளிர்வித்தல்’ என்பதே தேய்ந்து ‘குளித்தல்’ ஆயிற்று என்ற விளக்கம் இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் பழைய சொல்லாட்சிகள் அதற்கு இடம் தரவில்லை. குறளில் (929), கள்ளுண்டு மயங்கியவனுக்கு அறிவு புகட்டுவது ‘கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ அற்று’ என்று சொல்லப்படுகிறது. நீருக்கு அடியில் மூழ்கிப் போனவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்பது பொருள். இங்கே குளித்தல் உடலைக் கழுவுவதாகவோ குளிர்விப்பதாகவோ இல்லை. மூழ்குதல் என்பதே அதன் பொருள். முத்துக்குளித்தல் என்று இன்றும் சொல்கிறோமே, அதிலும் இந்தப் பொருளே உயிரோடு இருக்கிறது. போர்ப் பாடல்களில் அம்பு மார்பில் தைத்து உட்புகுவதும் குளித்தலே.

மூழ்குதலிலிருந்து நீராடுதலுக்குப் பொருள் நகர்வது தமிழில் இந்த ஒரு சொல்லில் மட்டும் நிகழவில்லை. ‘முழுகு’ என்பது மூழ்குதலைக் குறித்துப் பின் தலை முழுகுதல் ஆயிற்று. ‘படி’ என்பது கீழே அமிழ்தலைக் குறித்துப் புனல் படிதல் ஆயிற்று. ‘தோய்’ என்பதும் அவ்வாறே. மற்ற மொழிகள் நீரின் சூட்டை நினைத்துப் பெயரிட்ட இடத்தில் தமிழ் மீண்டும் மீண்டும் நீரின் ஆழத்தை நினைத்திருக்கிறது. என் கருத்தில் இதுவே இந்த ஆய்வில் கிடைக்கும் மிகச் செழிப்பான செய்தி.

நீச்சலும் குளியலும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கும் மிகச் சிறந்த இடம் புறநானூற்றின் 243ஆம் பாட்டு. கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொற்களே பேச முடிகிற ஒரு முதியவர், தம் சிறுவயதை நினைத்துப் பாடியது அது. நீரை ஒட்டித் தாழ்ந்திருந்த மருத மரத்தின் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருளவும் நீர்த்திவலை சிதறவும், ‘நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து, குளித்து மணற்கொண்ட கல்லா இளமை’ இப்போது எங்கே உள்ளதோ என்று அவர் இரங்குகிறார். பாய்ந்து, மூழ்கி, அடிமணலை அள்ளிவந்து காட்டிய அந்தச் செயலுக்கு அவர் ஆளும் வினை ‘குளித்து’ என்பதே. பழைய பொதுக் குளியலிடங்களைப் பற்றி முதியோர் இன்று பேசும்போது அவர்கள் குரலில் ஒலிப்பதும் இதே ஏக்கம்தான். ஒரு சொல்லுக்கு இதைவிடத் தகுந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே ‘பாத்ஸ்’ என்பதற்கு நான் ‘குளிப்பகம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பதிப்பு, பதிப்பகம் என்று ஆனதுபோலக் குளிப்பு, குளிப்பகம் என்று ஆகும்; முத்துக்குளிப்பு என்ற வழக்கில் ‘குளிப்பு’ ஏற்கெனவே நமக்குப் பழகியது. உடலைக் கழுவுவதையும் நீரில் பாய்ந்து மூழ்குவதையும் ஒருங்கே தாங்க இச்சொல்லால் முடியும். உள்ளாட்சி நடத்தியது என்பது தெரிய வேண்டிய இடத்தில் ‘பொதுக் குளிப்பகம்’ என்று எழுதலாம். ‘நீராட்டகம்’ என்றும் சிலர் எழுதக்கூடும். ஆனால் நீராட்டு என்பதில் பிறர் நம்மை நீராட்டுவதாகிய பொருளும், விழாவின் சாயலும் ஏறியிருக்கின்றன. ஒரு பென்னி கொடுத்து வாரம் ஒருமுறை அழுக்குப் போக்க வந்த தொழிலாளியின் இடத்துக்கு அது ஒட்டவில்லை. ‘குளியலறை’ வீட்டுக்குள் உள்ள அறையையே குறிக்கும்; ‘குளியல் தொட்டி’ ஒரு பொருளின் பெயர்.

குளிப்பகம் என்ற பெருஞ்சொல் கிடைத்துவிட்டால் அதன் உறுப்புகளுக்குப் பெயரிடுவது எளிதாகிவிடுகிறது. நீந்தும் இடத்துக்கு ‘நீச்சல் குளம்’ என்ற பெயரே நிற்கட்டும். குளிப்பகத்துக்குள் நீச்சல் குளம் ஓர் உறுப்பு. தனித் தொட்டி அறைகளில் நிகழ்வதைத் ‘தொட்டிக் குளியல்’ எனலாம். ‘செருப்புக் குளியல்’ என்று பெயர்த்தால் படிப்பவர் குழம்புவார். துருக்கிக் குளியலை ‘வெப்பக் குளியல்’ என்பது தகும். அங்கே இருப்பது சூடான வறண்ட காற்று என்பதால் ‘ஆவிக் குளியல்’ என்பது பொருந்தாது. கடற்கரை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியில் வெனிஸ் நகரத் தீவின் பெயராகி, அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்த ‘லிடோ’ என்பது கூரையற்ற இடத்தைக் குறிப்பதால், அதைத் ‘திறந்தவெளி நீச்சல் குளம்’ என்று எழுதினால் போதும்.

இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. அவற்றுக்கு நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. குளத்தில் கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழத்தை ‘நிலை’ என்றும், கால் எட்டாமல் நீந்தியே ஆக வேண்டிய ஆழத்தை ‘நீச்சு’ என்றும் தமிழ் வழங்கியிருக்கிறது. ஆழம் குறைந்த பக்கம், ஆழம் மிகுந்த பக்கம் என்று நீட்டி எழுதுவதை விட்டு, நிலைப்பக்கம், நீச்சுப்பக்கம் என்று சுவரில் எழுதி வைத்தால், கயிறு கட்டிய அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது நீந்தத் தெரியாத சிறுவனுக்கும் புரிந்துவிடும்.